கிராபிக்ஸ் கார்டுக்கு நான் வைத்த வரம்பு

16.6.2009, செவ்வாய்

மயில் இன்றைக்கும் பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த வருடக் காலண்டருக்காக முருகனையும் மயிலையும் முப்பரிமாணத்தில் செய்துகொண்டிருக்கிறேன். தோகையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், திரை அப்படியே உறைந்துவிடுகிறது. பவரை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது. பிரஸ் முதலாளி காளிராஜ் அண்ணாச்சி பின்னாலேயே நின்று பார்த்துவிட்டார்.

"சும்மா கெடைக்குதுன்னு லினக்ஸப் போடச் சொன்னது நீதான? ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வந்தாகணும். அதுக்குள்ள சரியாகலன்னா பழைய மிஷினுக்கே போயிருவோம். நீயும் பழையபடி டைப்செட்டிங்கே பாரு."

ஆல்பத்தைப் பார்த்துத்தான் ஏஜெண்டுகள் காலண்டர் ஆர்டர் கொடுப்பார்கள். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் டைப்செட்டிங்கா? நானா? மறுபடி கல்யாணப் பத்திரிகைக்கு "தங்கள் நல்வரவை விரும்பும்" அடித்துக்கொண்டு உட்கார மாட்டேன்.

18.6.2009

காரணம் தெரிந்துவிட்டது. சூடு.

பக்கத்து அறையில் சாமி படங்களுக்குத் தங்கப்பொடி தூவுகிறார்கள். பொடி பறக்கும் என்று எங்களுக்கு ஃபேன் கிடையாது. கம்ப்யூட்டர் பெட்டிக்கும் பிளாஸ்டிக் உறை. வேலை கூடினால் கிராபிக்ஸ் கார்டு தன் வேகத்தைத் தானே அறுநூறு மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிக்கொள்கிறது. உறைக்குள் வெந்து நின்றுவிடுகிறது.

உறையை எடுத்துவிடலாமே? போன வருடம் எடுத்தோம். பொடி உள்ளே போய் போர்டே புகைந்தது.

அப்படியானால் கார்டைத்தான் அடக்க வேண்டும். அதன் வேகத்தை ஆள்வது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர். "இதற்கு மேல் போகாதே" என்று அதனிடம் சொல்ல ஒரு வழியும் வைக்கவில்லை. எழுதியவர்கள் ஊரில் வெயில் கிடையாது போல. அதனால் என்ன, மூல நிரல் திறந்துதானே கிடக்கிறது? நானே எழுதுகிறேன்.

27.6.2009

எழுதிவிட்டேன்! வரம்பு நானூறு என்று போட்டால் டிரைவர் அதற்கு மேல் ஏற்றாது. மயில் கொஞ்சம் மெதுவாகத்தான் திரும்புகிறது, ஆனால் நிற்கவில்லை. அந்த டிரைவரைப் பராமரிக்கும் யூர்கன் என்ற ஜெர்மன்காரருக்கு அனுப்பியும்விட்டேன். திருத்தங்கலில் இருந்து கெர்னலுக்குப் பேட்ச் என்னும் நிரல் திருத்தம் அனுப்பிய முதல் ஆள் நான்தான். விசாரிக்கவில்லை. இருந்தாலும் நான்தான்.

1.7.2009

மறுபடி நின்றது.

3.7.2009

யூர்கன் பதில் போட்டிருக்கிறார். யோசனை பிடித்திருக்கிறதாம். ஆனால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது வரம்பைக் குறைத்தால் அவருடைய கார்டும் அடங்கவில்லையாம். ஏன் என்று பார்க்கச் சொல்கிறார்.

பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். வரம்பு நானூறு என்று சரியாகப் பதிந்திருக்கிறது. கார்டு என்னவோ அறுநூறில் ஓடுகிறது. எங்கன தப்பு? கண்ணு பூத்துப்போச்சு. அண்ணாச்சி வேற போக வர சுவத்துத் தேதியப் பாக்காரு, என்னையப் பாக்காரு. வாயத் தொறந்து திட்டினாக்கூடத் தேவல.

7.7.2009

அம்மா பட்டாசு கம்பெனியிலிருந்து கொதித்துப்போய் வந்தாள். மருந்து செலுத்தும் ஒவ்வொரு அறைக்கும் வெளியே, உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். இன்றைக்கு ஆபீசர் வந்து அம்மாவின் அறைக்கு நாலு பேர் கூடாது, ரெண்டு பேர்தான் என்று சொல்லிவிட்டாராம்.

"உடனே ஃபோர்மேன் நாலை அழிச்சு ரெண்டுன்னு எழுதிட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. நாங்க நாலு பேரும் உள்ளதான் இருந்து வேல பாத்தோம். புதுசா வந்த செல்லச்சாமிய மட்டும் எடமில்லன்னு வாசல்லயே நிப்பாட்டிட்டாக!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வயிறெரிஞ்சு சொல்லுதேன், சிரிக்கே?"

"ஒன்னச் சிரிக்கலம்மா. அந்த ஃபோர்மேன் செஞ்சதத்தான் நானும் செஞ்சு வச்சிருக்கேன்."

அதேதான். ஏற்கெனவே அறுநூறில் ஓடும் கார்டை நான் தொடவே இல்லை. இனிமேல் ஏறாதே என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வரம்பு மாறினால் இப்போது என்ன வேகம் என்று பார்த்து, கூடுதலாக இருந்தால் அப்போதே இறக்க வேண்டும். சின்னத் திருத்தம்தான்.

நாளைக்கு அம்மாவோடு நானும் போய் அந்த ஃபோர்மேனைப் பார்க்கப் போகிறேன். இது சிரிக்கிற விஷயமில்லை.

8.7.2009

அறையில் இப்போது ரெண்டே பேர். ஃபோர்மேன் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

திருத்திய பேட்ச் போய்விட்டது. மயிலை நாள் பூராவும் ஆட்டிப் பார்த்தேன். ஆடுகிறது.

15.7.2009

பேட்சைக் கெர்னலிலேயே சேர்த்துக்கொண்டார்கள். என் பெயரோடு. மாரிசெல்வி, திருத்தங்கல். ஊர்ப் பெயரை நானாகத்தான் போட்டேன், போட்டால் என்ன?

5.8.2009

ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் என் மயில். அண்ணாச்சி மதுரை ஏஜெண்டிடம் சொன்னார்: "நம்ம புள்ள செஞ்சது." அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

22.12.2009, செவ்வாய்

அண்ணாச்சி என்னைக் கேட்காமலேயே இரண்டாவது மிஷின் வாங்கிவிட்டார். அதிலும் லினக்ஸ்தான் வேண்டும் என்று அவரே கடையில் சொல்லிப் போட்டு வாங்கி வந்திருக்கிறார். என் பேட்சை ஏற்றுவதற்காகச் சாப்பிடாமல்கூட உட்கார்ந்தேன்.

"இதுலயும் ஒன் வேலையச் சேக்கணும்லம்மா? எம்புட்டு நேரமாகும்?"

டிரைவர் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய வரி ஒவ்வொன்றையும் திரையில் விரலால் தொட்டுக்கொண்டே போனேன்.

"சேக்க வேண்டாம் அண்ணாச்சி. கடையிலருந்து வரும்போதே இருக்கு."