காலை மீட்டிங்கில் தூக்கிய கை

சுந்தரி, சுரேந்தர் விஷயம் இப்படித்தான் முடியும் என்று முன்கூட்டியே கணித்தவன் இந்த ஷிப்யார்டிலேயே நான் ஒருவன்தான். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் கல்லு மாதிரி இருக்கிறேன்.

சிங்கப்பூர் வந்ததற்கு, இந்தத் துவாஸ் யார்டில் இப்போது என் கீழே நாற்பது பேர். ஆட்களை உற்சாகப்படுத்தி வேலை வாங்குவது எப்படி என்று மேனேஜரே என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். தினமும் காலை மீட்டிங்கில், "யாருக்காச்சும் உடம்பு முடியலையா?" என்று கேட்பேன். ஒருத்தனும் கை தூக்க மாட்டான். அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நம் பக்கத்து ஊர் சுரேந்தர் மட்டும் தூக்கினான்.

"நெஞ்ச அடைக்குதுண்ணே."

"போய்ப் படு தம்பி, வேலை எங்கயும் ஓடிப் போகாதுலா" என்றேன். அவன் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு வெல்டிங் வைத்துக்கொண்டே சரிந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. நீ பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை.

அவன் உடலோடு ஊருக்கு வரும் நடேசன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சுரேந்தரின் மனைவி அமலாவைப் போய்ப் பார். தனியாக விடாதே, கொஞ்ச நேரம் கூட உட்கார். நடேசன் திரும்பும்போது எனக்குத் தலைக்குத் தேய்க்கும் தைலம் இரண்டு பாட்டில் கொடுத்துவிடு. தூக்கம் பிடிக்கவில்லை. உன் பழைய போர்வை ஒன்று இருந்தால் அதையும். வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி வந்துவிட்டது.

உன் வேலாயுதம்

நான் படுக்கச் சொன்னதாக அமலாவிடம் சொல்லிவிடாதே. அப்படி நான் சொல்லவில்லை. "பொண்டாட்டி நெனப்பு வந்தா நெஞ்சு அடைக்கத்தான்டா செய்யும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கையை இறக்கிவிட்டான்.