நான் அடித்துவிட்ட நூற்றெழுபது

அன்புத் தம்பி ஏழுமலைக்கு,

உன் மனைவி ராணி அடி அண்ணாமலையில் இருக்கும் அவள் அம்மா வீட்டிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நீ ஊதிய எண்களை நான் எழுதிவைத்த நோட்டைக் கேட்கிறாள். தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். நோட்டு என் மேசைமேல்தான் இருக்கிறது.

எண்பத்து மூன்றில் உன் ஆஸ்துமாவுக்காக மெட்ராஸிலிருந்து அந்தக் கருவியை வரவழைத்தேன், நினைவிருக்கிறதா? கையளவு குழாய். மூச்சை நிறைய இழுத்து ஒரே வீச்சில் ஊதினால் முள் நகர்ந்து நிற்கும். மூச்சுக்குழல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியும். "என்னக்கா, தீபத் திருவிழாவுல பீப்பி விக்கிறவன்கிட்ட வாங்கினியா?" என்று இருமிக்கொண்டே சிரித்தாய்.

தினமும் காலையில் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து என் முன்னால் மூன்று முறை ஊதுவாய். பெரிய எண்ணை எழுதுவேன். முந்நூற்றைம்பது, முந்நூற்றெண்பது என்று வரும். "பாதிக்குக் கீழ வந்தா காரணம் தேடாதீங்கம்மா, உடனே கூட்டிக்கினு வாங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். காரணம் தேடாமல் இருக்க எனக்கு வராது.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நூற்றெழுபது வந்தது. மறுபடி ஊதச் சொன்னேன். நூற்றைம்பது. மூன்றாவது அதற்கும் கீழே.

"நீ சரியா ஊதல. தூக்கக் கலக்கம்."

"ஃபெயில் போட்டுடாதீங்க டீச்சரம்மா."

ஒத்துவராத அளவை அடித்துவிடும்படி மாணவிகளிடம் சொல்வதுபோல, எழுதிய நூற்றெழுபதைக் கோடு போட்டு அடித்தேன். ஓரத்தில் 'பிழை' என்று எழுதினேன்.

நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கீழ்பென்னாத்தூர் கடலை மில்லுக்குக் கிளம்பினாய். பிற்பகலில் மில் வேனில் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நீ இல்லை.

காலையிலேயே முடியவில்லையா என்று யாரோ கேட்டார்கள். "காலையில நல்லாத்தானே ஊதினான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ராணி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அன்று எட்டு மணிக்கு அவள் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டிருந்தாள். ஆறு மணிக்கு நன்றாக இருந்தவன் தான் போட்ட புகையால்தான் போனான் என்று முடிவு கட்டிவிட்டாள். இரண்டு வருடமாக அவள் ஊதுவத்திகூட ஏற்றுவதில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாளை உன் திதி. "அந்த நம்பரை என் கண்ணால பாத்துடறேன் அண்ணி. நல்லா இருந்துச்சின்னா நான்தான் கொன்னேன்னு ஆவுது. இல்லன்னா..." என்று நிறுத்தினாள்.

இதோ கூப்பிடுகிறாள். "கெடைக்கலன்னா வுட்டுடுங்க அண்ணி. பஸ்ஸு போயிடும், நான் பொறப்படறேன்."

'கிடைக்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்விடுவாள்.

நோட்டைக் கையில் எடுத்துவிட்டேன், ஏழுமலை. கோட்டுக்கு அடியில் எண் நன்றாகவே தெரிகிறது. அடித்தது யார், பொய் சொன்னது யார் என்பதை என் வாயாலேயே அவளிடம் சொல்வேன். இனி அவள் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சொல்வேன். இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், அவள் என் வாயால் கேட்ட பிறகு.

உன் உடன்பிறந்த அக்கா,
சரோஜா