நாலு நிமிடம் இருபது வினாடி

1927 ஜனவரி 31, திங்கள்

சுவர்க் கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தியிருந்தது. திருத்தினேன். "அது பாட்டுக்கு ஓடட்டும், விடுங்களேன்" என்றாள் டோரதி. தந்தி ஆபீஸ்காரன் வீட்டில் கடிகாரம் பிந்தினால் ஊர் சிரிக்காதா?

அவள் அண்ணன் ஹென்றி மச்சான் அடுத்த திங்கள் புறப்படுகிறார். தனி ஆளாக, பாய்மரப் படகில், இந்தத் தீவிலிருந்து கடல் தாண்டி நாகப்பட்டினத்துக்கு. போன வருஷம் எங்கள் மகள் ஐரீன் டைபாய்டில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் துணையில்லாமல் கடல் கடந்து வேளாங்கண்ணிக்கு வருவதாக நேர்ந்துகொண்டார். முப்பது வருஷம் கப்பலில் இருந்தவர்தான். ஆனாலும் வயது ஐம்பத்தாறு. தடுத்துப் பார்த்தேன்.

"மாதாகிட்ட கொடுத்த வாக்கு, மாப்ளே. ஒன் ஆபீஸ்ல லீவு கேக்குற மாதிரியா?"

என் பிள்ளைக்காக நேர்ந்தது.

பிப்ரவரி 2, புதன்

கோயிலில் மெழுகுதிரி மந்திரித்தார்கள். மச்சானுக்கு இரண்டு வாங்கினேன்.

பிப்ரவரி 5, சனி

மெழுகுதிரியைக் கொடுக்கப் படகுக்குப் போனேன். மச்சான் பசாருக்குப் போயிருந்தார்.

படகா அது? காயலான் கடை. பிடியில்லாத பச்சைக் குடை ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது, மழைத் தண்ணீர் பிடிக்கவாம். மூடுபனியில் அடிக்க, பழைய டிராம் வண்டியின் மணி. செத்துப்போன சவுந்தரம் அக்காவின் ஒற்றை மரக்கட்டைச் செருப்பைச் சுவரில் ஆணியடித்து, அதில் பென்சில்களைச் செருகியிருக்கிறார். மனைவியைப் பார்க்காமல் ஒரு கணக்கும் போடமாட்டார் போலிருக்கிறது.

பிஸ்கட் டப்பாவுக்குள், கம்பளிக் காலுறையில் சுற்றி, ஒரு கடிகாரம். நம் ஊர் மணி இல்லை, லண்டன் நேரம் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் மணி வித்தியாசத்தைக் கழித்து என் பாக்கெட் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் நாலு நிமிடம் இருபது வினாடி பிந்தியிருக்கிறது! நடுக்கடலில் தனியாகப் போகிறவருக்கு இப்படி ஒரு கடிகாரமா? வினாடி பிசகாமல் திருத்தி, பழையபடி சுற்றி வைத்தேன். அவரிடம் சொல்லப் போவதில்லை. என்னால் முடிந்த உதவி.

பிப்ரவரி 7, திங்கள்

விடியற்காலையில் போய்விட்டார். ஐரீன் கை வலிக்கும்வரை ஆட்டினாள்.

பிப்ரவரி 8, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதித்தான் மனசை ஆற்ற வேண்டும்.

ஆபீஸ் போகும் வழியில் சுலைமான் அண்ணனைப் பார்த்தேன். மச்சானோடு ஒரே கப்பலில் வேலை பார்த்தவர், இப்போது துறைமுகத்தில் சம்பான் படகு ஓட்டுகிறார். பேச்சுவாக்கில், "மச்சான் கடிகாரம் ரொம்பப் பிந்துது, பாத்தீங்களா?" என்றேன், பெருமையாக.

"பிந்தும்லா. தெனம் ரெண்டு நொடி. மொத்தம் எவ்வளவு பிந்திருக்குன்னு நோட்டுல கணக்கு வச்சிருக்காரு. அத வச்சுத்தான் கடல்ல எங்க நிக்கிறோம்னு பாப்பாரு. அதனாலதான் முள்ள ஒருத்தனும் தொடக்கூடாது. நாலு நிமிசம் மாறிச்சுன்னா அறுபது மைலு தள்ளிப் போயிருவாரு, தம்பி."

அடப்பாவி, என்ன செஞ்சிட்டேன் நான்! என் பிள்ளைக்காகப் போற மனுசனை நானே கொல்லப் பாத்தேனே!

"காத்தே இல்ல. இன்னும் நம்ம தீவு வடக்குக் கரையிலதான், பத்து பெரிங்கிங்கிற ஊருகிட்ட கெடப்பாரு" என்றார் சுலைமான் அண்ணன். ஆபீசுக்குச் சொல்லாமல் மட்டம் போட்டேன், பதினாறு வருஷத்தில் முதல் தடவை. வீட்டுக்கு ஓடி இந்த நோட்டை எடுத்துக்கொண்டு, வாடகைக் கார் பிடித்து, அங்கே ஒரு மீன்பிடிப் படகில் ஏறினேன்.

மச்சான் நங்கூரம் போட்டு மீன் பொரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒன்ன யாரு கேட்டா?"

நோட்டை வெளியே எடுத்தேன்.

"எவ்வளவு திருத்தின? சரியா சொல்லு."

ஐந்தாம் தேதிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். தன் நோட்டை எடுத்துப் பார்த்தார். ஐந்தாம் தேதிக்கு அவர் கணக்கும் அதே நாலு நிமிடம் இருபது வினாடி. படகு ஆடும்படி சிரித்தார்.

"கெடுத்தவனும் நீ, கெடுத்தத நொடி சுத்தமா எழுதி வச்சவனும் நீ! ஒக்காரு, மீன் தின்னு."

முள்ளை அவர் தொடவில்லை. "இன்னொரு தடவ நோண்டுனா அதுக்கே கோவம் வந்துரும். நீ திருத்துனத கணக்குல கழிச்சுக்கிட்டாப் போதும்" என்றார். நான் எவ்வளவு திருத்தினேன் என்பதை என் கையாலேயே ஒரு தந்திக் காகிதத்தின் பின்னால் எழுதச் சொன்னார். அதை மடித்து அக்காவின் செருப்புக்குள், பென்சில்களோடு செருகினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நிம்மதியில் வந்த அழுகை, வெட்கமில்லை.

பிப்ரவரி 9, புதன்

நல்ல காற்று. மச்சான் போயிருப்பார்.

பிப்ரவரி 20, ஞாயிறு

செய்தி இல்லை. ஐரீன் தினமும் கேட்கிறாள்.

மார்ச் 1, செவ்வாய்

நாளை சாம்பல் புதன். பதினொன்றே காலுக்கு நாகப்பட்டினத்திலிருந்து தந்தி. நானேதான் எழுதி எடுத்தேன். பாதியில் கண் மறைத்தது.

"சுகமாகச் சேர்ந்தேன். நேர்ச்சை முடிந்தது. உன் சீட்டு செருப்பில் பத்திரம். ஹென்றி."

வீட்டில் வாசித்துக் காட்டியதும் டோரதி முழங்காலில் நின்றாள். ஐரீன் வாசலுக்கும் அடுப்படிக்கும் குதித்துக்கொண்டிருந்தாள்.

சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தியிருக்கிறது. எழுதி வைத்துக்கொண்டேன். முள்ளைத் தொடவில்லை.