தாளில் இருபத்தைந்து

மார்ச் 4, செவ்வாய்
அறுவை சிகிச்சையில் வயிற்றைக் குறைத்து இன்று ஐந்தாம் நாள். கூனிக்கொண்டே நடக்கிறேன், ஊரில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பவள் மாதிரி. அடிவயிற்றிலிருந்து ஒரு குழாய், அதன் நுனியில் ரப்பர் குப்பி. உள்ளே ஊறும் நீர் அதில் வடிகிறது. தினமும் காலையில் அளந்து தாளில் எழுத வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் முப்பது மில்லிக்குக் கீழே வந்தால்தான் குழாயை எடுப்பார்களாம்.

அளப்பது என் கணவர். எனக்குக் குப்பியைப் பார்த்தாலே தலை சுற்றும். அவரோ தண்ணீர் பாட்டில் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஐந்து மில்லி குறைந்தாலும் லாரியையே திருப்பி அனுப்புகிறவர். தகுந்த கைகளில்தான் இருக்கிறேன்.

மார்ச் 5
தொண்ணூறு.

மார்ச் 6, வியாழன்
எண்பத்தைந்து. பதினைந்தாம் தேதி அவருடைய கல்லூரி நண்பர்கள் கூடுகிறார்கள். நான் நடந்தே இளைத்துவிட்டதாக அவர்களிடம் சொல்லியிருக்கிறாராம்.

"குழாயோட எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"கைப்பைக்குள்ள வச்சுக்கறேன்."

சிரிக்கவில்லை.

மார்ச் 8, சனி
இருபத்தைந்து! இரண்டே நாளில்! அவர் எழுந்து வருவதற்கு முன், முதல்முறையாகக் குப்பியை நேருக்கு நேர் பார்த்தேன். மயங்கவில்லை; அளவுக் கோடுகளைப் படிக்கும் தைரியம் மட்டும் வரவில்லை. வீரத்துக்குச் சாட்சியாகப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "சாப்பிடற நேரத்துலயா அனுப்புவ?" என்று பதில் வந்தது.

மார்ச் 9
இருபது.

மார்ச் 10, திங்கள்
குழாயை எடுத்துவிட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் மாதிரி யாரும்மா இப்படி அழகா எழுதிக் கொண்டுவர்றாங்க?" என்றாள் நர்ஸ். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 13, வியாழன்
நடந்தால் வயிற்றுக்குள் ஏதோ அலம்புகிறது, பாதி நிரம்பிய வெந்நீர்ப் பை போல. தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொடாமலேயே, "கேஸ்தான். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். இரண்டு நாளில் சனிக்கிழமை.

மார்ச் 15
போனோம். இரண்டு மணி நேரம் நின்றேன். தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று ஒருத்தி கேட்டாள். "ஆறு கிலோமீட்டர்" என்றார் அவர். இடுப்புப் பட்டைக்குமேல் வயிறு பிதுங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 17, திங்கள்
ஊசி போட்டு உறிஞ்சினார்கள். இருநூற்று நாற்பது மில்லி.

"நீர் கோத்திருக்கு. இருபதுதானே வந்துட்டிருந்தது? அதுக்குள்ள எப்படி?" டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கணவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு வயிற்றின் படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் அக்கா ஃபோன். "அன்னிக்கு நீ அனுப்பின படத்துல எழுபத்தஞ்சைத் தாண்டி இருந்துச்சேடி?"

பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டாம் தேதி, காலை. எழுபத்தைந்துக்கு மேலே. தாளில் இருபத்தைந்து, முத்து முத்தான எழுத்தில்.

மார்ச் 18
கேட்டேன்.

"ரெண்டு நாள் முன்னாடி எடுத்தா என்ன ஆயிடப்போகுதுன்னு... நீதானே குழாய் உறுத்துதுன்ன? உனக்காகத்தான் எழுதினேன்."

சொன்னேனா? சொன்னேன். அதுக்காக? என் உடம்பு இது — அலம்புதுன்னு சொன்னப்பகூட தொட்டுப் பார்க்கல. தெரிஞ்சுதான் தொடல. நான் பாட்டிலாப் பொறந்திருக்கலாம். லாரியில ஏத்தித் திருப்பியாவது அனுப்பியிருப்பாரு.

அழுதால் தையல் இழுக்கிறது. அதனால் அழவில்லை.

மார்ச் 21, வெள்ளி
மறுபடியும் நூற்று எண்பது. புதுக் குழாய் வைத்தார்கள். புதுத் தாளை நர்ஸ் அவரிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்
எழுபது. நானே அளந்தேன். அக்கா வீட்டுக் குளியலறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

அவர் ஃபோன் செய்தார். எப்போது வருகிறேன் என்று கேட்கத் தயங்கி, எவ்வளவு வந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"எழுபதா? சரியாப் பார்த்தியா?"