குரலுக்கு விட்ட இடம்

அன்புள்ள வாண்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. கடைசி வரை படி.

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை மாப்பிள்ளை போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தொண்டையில் கட்டி, அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன், அதுவரை நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது, அதற்குப் பிறகு குரல் பழையபடி வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. "நான் சொன்னதா அவகிட்ட காட்டிக்காதீங்க அண்ணி" என்றார். காட்டிக்கொண்டுவிட்டேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

அம்மாவிடம் உனக்கு ஜலதோஷம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "அவளுக்கு ஜலதோஷம்னா நீ ஏன்டி சோறு இறங்காம உக்காந்திருக்கே?" என்று என்னைக் கேட்கிறாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு இசைத்தட்டு வருகிறது. அது வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

போன மாதம் நான் வேலை பார்க்கும் ரெகார்டிங் ஸ்டூடியோவின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து, அலமாரியில் இருந்த பழைய டேப்புகள் நனைந்துபோயின. வீசிவிடுவதற்காகப் பின்பக்கம் குவித்திருந்தார்கள். மாப்பிள்ளை போன் செய்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் குவியலைக் கிளறினேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நீ பாடிய டேப் கிடைத்தது. முதலாளியிடம் கேட்டேன். "அதை யாரும்மா கேக்கப் போறா, எடுத்துக்கோ" என்றார்.

ஒரு முழம் ஓட்டிப் பார்த்தேன். பாட்டைத் தாங்கியிருக்கும் பழுப்புப் பூச்சு மாவு மாதிரி உதிர்ந்தது. எங்கள் மெஷின்களைப் பழுது பார்ப்பவரை ஃப்யூஸ் அண்ணன் என்போம். எது நின்றாலும் ஃப்யூஸ் போயிருக்கும் என்பார். அவர் டேப்பை விரலில் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு தடவை ஓடும். அதுவும் முழுசா ஓடுச்சுன்னா நம்ம நல்ல நேரம்" என்றார். அந்த ஒரு தடவையிலேயே நேராகத் தட்டு வெட்டிவிடுவது, கூடவே பக்கத்து மெஷினில் ஒரு நகலும் எடுப்பது என்று முடிவு செய்தோம்.

என் வேலை என்னவென்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தட்டு வெட்டும் எங்கள் லேத் மெஷின் என்னைவிட வயதில் மூத்தது. கனமான மேடை ஒன்று சுழலும். அதன்மேல் கறுப்பு அரக்குப் பூசிய அலுமினியத் தகட்டை வைப்போம். ஒரு நீலக்கல் முனை, பாட்டுக்கு ஏற்றபடி நடுங்கிக்கொண்டே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருளாகக் கோடு கீறிக்கொண்டு போகும். டேப் வருவதற்கு முன்பு, அடுத்த அறையில் ஒருவர் பாடப் பாட நேராக மெழுகில் வெட்டுவார்களாம். யாராவது தும்மினால் எல்லாம் பாழ். புது மெழுகு வைத்து, முதலிலிருந்து பாட வேண்டும்.

குரல் ஓங்கினால் முனை அகலமாக ஆடும். பக்கத்துக் கோட்டில் இடிக்காமல் இருக்க, ஓங்கும் முன்பே ஒரு குமிழைத் திருகி இடம் விட வேண்டும். இடம் விட்டால் தட்டில் கொஞ்சம் பாட்டுதான் கொள்ளும். நிறையப் பாட்டு வேண்டுமென்றால் ஒலியைத் தணித்து நெருக்கி வெட்ட வேண்டும். அப்போது குரல் மெலிந்துவிடும்.

உன் ரெகார்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு வேண்டும் என்று முதலாளி ஒற்றைக் காலில் நின்றார். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். முடியாது என்று சொல்லப் பயந்து, நெருக்கி வெட்டினேன். தட்டு வீட்டுக்கு வந்த அன்று, "அக்கா, இது என் குரலா?" என்று கேட்டாய். "மைக்ல உன் குரல் அவ்வளவுதான்டி எடுக்குது" என்றேன். அதற்கப்புறம் நீ எங்கேயும் பாடவில்லை.

உன் குரலில் ஒரு குறையும் இல்லை. குறைத்தது நான். தெரிந்தேதான் பொய் சொன்னேன்.

நேற்று மதியம் வெட்டினோம். ஒரு பக்கத்தில் அந்த டேப்பில் இருந்த மூன்றே பாட்டு, தாராளமாக இடம் விட்டு. எங்கள் டேப் மெஷினில், வரப்போகும் ஒலியை முன்கூட்டியே கேட்டுச் சொல்ல, டேப்பை உரசி ஒலி எடுக்கும் ஹெட் இன்னொன்று உண்டு. இந்த டேப்பை அதிலும் உரச விட முடியாதென்று கழற்றிவிட்டோம். நீ எங்கே ஓங்குவாய் என்பது என் மனசில்தான் இருக்க வேண்டும். குமிழில் கை வைத்து நின்றேன்.

முதல் பாட்டு முடிவதற்குள் நகல் மெஷின் நின்றது. ஃப்யூஸ் அண்ணன் அதைப் பார்க்க ஓடினார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். டேப் உதிர உதிர ஹெட்டில் தூள் படிந்து உன் குரல் மங்கத் தொடங்கியிருந்தது. அவர் திரும்பி வந்து, ஓடுகிற டேப்பின் மேலேயே மெல்லிய துணியைப் பிடித்துத் துடைத்துக்கொண்டு நின்றார். குரல் திரும்பி வந்தது.

இரண்டாவது பாட்டில் வேறு வம்பு. முனை கீறும்போது அரக்கு மெல்லிய நூலாகச் சுருண்டு எழும். அதை ஒரு குழாய் உறிஞ்சிக்கொள்ளும். குழாய் அடைத்துக்கொண்டது. நூல் முனையின் அருகில் பந்தாகச் சேர்ந்தது. முனைக்கு அடியில் போனால் தட்டு தொலைந்தது. முனையைச் சுற்றி ஒரு கம்பி சூடாக இருக்கும், இந்த அரக்கோ பட்டாசு மாதிரி பற்றிக்கொள்ளும். "விட்டுடும்மா, நிறுத்திடலாம்" என்றார் அண்ணன். நிறுத்தினால் நீ பாதியில் நின்றுபோவாய். வலது கை குமிழில் இருக்க, இடது கையால் பிரஷ்ஷை வைத்து நூலை இழுத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது பாட்டு முழுக்க அப்படியே போனது.

பாட்டு முடிந்ததும் முனையைத் தூக்கினேன். டேப்பின் கடைசி முழம் கண்ணாடித் தாள் மாதிரி வெளுத்து வெளியே வந்தது. இனி அதில் எதுவும் இல்லை.

மைக்ராஸ்கோப்பில் கோடுகளைப் பார்த்தேன். எல்லாம் சுத்தம், ஒரே ஓர் இடம் தவிர. மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் இரண்டு கோடுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கேட்கும்போது அங்கே 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். மெஷின் மேல் தப்பில்லை. அந்த இடத்தில் நான் நினைத்ததைவிடப் பெரிதாகப் பாடியிருக்கிறாய். நான் விட்ட இடம் உனக்குப் போதவில்லை.

இந்தத் தட்டு மென்மையானது, போடப் போடத் தேயும். அதற்காகப் பத்திரப்படுத்தி வைக்காதே. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு முறையாவது, நல்ல பிளேயரில், சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேள். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரச் சொல். அவர் இதுவரை உன் பாட்டைக் கேட்டதே இல்லை அல்லவா?

கேட்ட பிறகு உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். பேசக் கூடாதென்றால் காகிதத்தில் எழுது, மாப்பிள்ளையை விட்டு எனக்குப் போனில் வாசிக்கச் சொல். எத்தனை பக்கமானாலும் கேட்கிறேன். என்னை ஒரு வார்த்தையும் திட்டாமல் மட்டும் அந்த ஆபரேஷன் அறைக்குள் போய்விடாதே, வாண்டு.

நல்லபடியாக எழுந்து வா.

உன் அக்கா