‘நல்லது’ என்று எழுதிய குழாய்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. போனில் சொன்னால் “சரிக்கா, சரிக்கா” என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை வைத்தாலும், விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. ரத்த அழுத்தக்காரர்களின் ரத்தத்தில் இரண்டு பொருள்களை அளக்கிறோம். உடம்பில் எங்கோ அழற்சி புகைந்தால் கல்லீரல் அனுப்பும் புரதம் ஒன்று. உயிரணுக்களின் கொழுப்பு பழைய எண்ணெய் போலக் கெட்டால் மிஞ்சும் பொருள் மற்றொன்று. அவர்களிடம் இரண்டுமே பெரும்பாலும் கூடுதல். இவை அழுத்தத்தை ஏற்றுகின்றனவா, அழுத்தம் இவற்றை ஏற்றுகிறதா என்பதுதான் கேள்வி. மாமியார் மருமகள் சண்டையில் முதலில் குரலை உயர்த்தியது யார் என்பது போல, இரு தரப்புக்கும் சாட்சி இருக்கிறது. சோற்றுக்குப் போகாமல் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மெஷினைச் சரிபார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். அது என்னுடையது. குழாயில் பெயர்கூட எழுதுவதில்லை, ‘நல்லது’ என்று எழுதுவார்கள். பதினோரு வருடமாக நான்தான் ‘நல்லது’. என் அழுத்தத்தை யாரும் அளந்ததில்லை. நல்லதை எதற்கு அளப்பது?

போன திங்கட்கிழமை ‘நல்லது’ இரண்டு அளவிலும் நோயாளிகள் எல்லோரையும் முந்திவிட்டது. மெஷின் கெட்டுவிட்டது என்று ஏகமனதாக முடிவு செய்தோம். ரசாயனப் புட்டியை மாற்றினோம். குளிர்பெட்டியைச் சந்தேகப்பட்டோம். மெஷின்காரர் வந்து இரண்டு நாள் கழற்றி மாட்டினார். மூன்றாம் நாள், மிச்சமான ஒரு திருகைக் கையில் வைத்துக்கொண்டு, “மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. அந்த ரத்தம் யாரோடதோ, அவங்களைப் போய்ப் பாருங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

தலைமை டாக்டர் சிரிக்கவில்லை. சளி பிடித்தால்கூட இவை ஏறும், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றவர், “எதுக்கும் கையை நீட்டும்மா” என்றார். நூற்று எழுபதுக்கு நூற்று நான்கு. அந்தக் கருவியும் கெட்டுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த இரண்டு நாளும் அதே கதைதான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். மாத்திரை தொடங்கியாயிற்று.

தலைவலி உண்டா, மயக்கம் உண்டா என்று கேட்டார்கள். ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கும்தான் ஒன்றும் இருக்கவில்லை. சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார், மூன்றாவது பித்தானில் ஊசி நின்றுவிட்டது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது அழுத்தம் உண்டா என்று டாக்டர் கேட்டார். உன்னைச் சொன்னேன். “வலிக்காத நோவுக்கு எதுக்குக்கா மாத்திரை” என்று நீ இரண்டு வருடத்துக்கு முன் நிறுத்தியதைச் சொன்னேன். அதைக் கேட்டு அன்று நான் சிரித்ததைச் சொல்லத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

உன் தெருமுனை மருந்துக்கடையில் கையை நீட்டினால் அளந்து சொல்வார்கள். அங்கிருந்து நேரே டாக்டரிடம் போ. பதிலில் ‘நலம்’ என்று மட்டும் எழுதாதே. நானும் பதினோரு வருடம் நலமாகத்தான் இருந்தேன், குழாயிலேயே எழுதியிருந்தது. இரண்டு எண் எழுது. மேலே ஒன்று, கீழே ஒன்று. கடிதத்தில் வேறெதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நூறு வயது வரை நீ என்னோடு சண்டை போட வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அக்கா