விரல் மறைத்த தேதி

சேசு மரி சூசை துணை

தாராவி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஸ்டெர்லினுக்கு அப்பா எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம், உன் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் உனக்கும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமை கனடாவுக்குத் திரும்புகிற உன் கூட்டாளி சாஜனின் பையில் ஆறு மாதத்துக்கான லென்ஸ் வரும் என்று காத்திருப்பாய். லென்ஸ் வாங்கவில்லை, இந்தக் கடிதம்தான் வருகிறது. போனில் பேசினால் ஷிஃப்ட் என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால் எழுத்துக்கூட்டியாவது முழுக்கப் படி.

குளிர்க்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது கண்ணாடியில் பனி படர்கிறது, லென்ஸ் போட்டால் சௌகரியம் என்று நீ சொன்னது நியாயம்தான். அம்மா நம்பவில்லை, பனியும் இல்ல மண்ணும் இல்ல, அங்க எவளோ கண்ணாடி நல்லால்லன்னு சொல்லியிருப்பா என்கிறாள். நான் அதைக் காதில் வாங்காமல், நீ அனுப்பிய கண் சீட்டுப் போட்டோவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சயானில் ஒரு கடைக்குப் போனேன். உனக்கு இருப்பது சிலிண்டர் பவர், கருவிழி பந்து போல் உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் அமுங்கியிருப்பது, அதற்கு டோரிக் என்கிற தனி லென்ஸ் வேண்டும், அது எந்தக் கோணத்தில் கண்ணில் உட்கார வேண்டும் என்று சீட்டில் ஆக்சிஸ் என்ற எண் இருக்கும், இவ்வளவையும் விசாரித்துவிட்டுத்தான் போனேன், ஆனால் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. புது வியாபாரியைச் சோதிக்கிற மாதிரி, சீட்டை நீட்டும்போதே ஆக்சிஸ் எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன். கேட்கிறானா பார்ப்போம் என்று. அவன் கேட்கவே இல்லை. அண்ணாச்சி, சிலிண்டர் கம்மியாத்தான இருக்கு, சாதா லென்ஸே போதும், தம்பிக்குப் பழகிரும், பேக் பண்ணிரட்டா என்றான். பழகிரும் என்று சொல்லி விற்கிறவனிடம் நான் இருபத்தெட்டு வருஷ பெல்ட் தொழிலில் ஒரு தோல்கூட வாங்கியதில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த நாள் சுனாபட்டியில், லென்ஸ் மட்டும் பார்க்கிற சுனிதா என்ற பெண்ணிடம் போனேன். அதே விரல் வித்தை. அவள் சீட்டைத் தொடக்கூட இல்லை, அங்கிள், மொதல்ல விரல எடுங்க என்றாள். எடுத்தேன். எண்ணைப் பார்த்துவிட்டு, கண்ணு கனடாவுல இருக்கு, நான் இங்க எதைப் பார்த்து லென்ஸ் குடுக்க என்றாள். விற்க மாட்டேன் என்கிற கடைக்காரியைக் கண்டால் எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகும். இதைவிடப் பெரிதாக எதையோ தலையில் கட்டப் பார்க்கிறாளோ என்று அரைமணி நேரம் குடைந்தேன். அவள் அசரவில்லை. டோரிக் லென்ஸில் பொடிக் கோடு ஒன்று இருக்குமாம், மாட்டிவிட்டுக் கால்மணி நேரம் கழித்துக் கருவியில் பார்த்தால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, சுற்றிவிட்டதா என்று தெரியுமாம். சுற்றியிருந்தால் எண்ணை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கண் சிமிட்டும்போதெல்லாம் பார்வை மங்கித் தெளியும். நம் பெல்ட்டுத் தோல் மாதிரிதான், தோல் ஓடுகிற திசை பார்க்காமல் வாக்குத் தப்பி வெட்டினால் நல்ல தோலும் இழுத்துக்கொள்ளும். அதனால் அவளை நம்பினேன்.

பிறகுதான் அவள் கேட்டாள், தேதி எங்க அங்கிள், அதையும் நீங்கதான் மறைச்சீங்களா என்று. என் கை சட்டைப் பையில் இருந்தது. பிரிண்டில் தேதியின் மேல் இருந்தது உன் கட்டைவிரல், சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய அந்த நகம். கடையில் வைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவின் பீரோவைக் கிளறினால் அந்தச் சீட்டின் நகல் கிடைத்தது. நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் எடுத்தது, நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் வண்டி ரேக்கில் லேசாக உரசியது என்று அம்மாவிடம் சொன்னாயே, அது பனியால் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அங்கே கண் சோதித்தால் பவர் ஏறியது கம்பெனிக்குத் தெரியும், வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்றுதானே சோதிக்காமல் இருக்கிறாய்? தப்பாக இருந்தால் சொல், மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வண்டிக்கு முன்னால் யாரோ ஒருத்தன் பெட்டி எடுத்துக்கொண்டு நடப்பான், அவனுக்கும் அப்பன் இருப்பான். இறக்கினால் இறங்கு, பெட்டி தூக்கு, நான் உன் வயதில் தூக்கியதுதான்.

இந்த வாரமே அங்கே கண்ணைக் காட்டு. லென்ஸ் சரிப்படும் என்றால் முதலில் சோதனை ஜோடி கேள், வண்டியில் ஏறாமல் ஒரு வாரம் போட்டுப் பார், கோடு எங்கே நிற்கிறது என்று வாய்விட்டுக் கேள், குழாய்த் தண்ணீரில் கழுவாதே, போட்டுக்கொண்டு தூங்காதே. சரிப்படாவிட்டால் கண்ணாடியே போதும்.

அம்மா இரால் ஊறுகாய் கொடுத்துவிடுகிறாள், சாஜன் வழியில் பாதியைத் தின்றிருந்தால் எனக்கு எழுது. மாதா உன்னையும் உன் கண்ணையும் காப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. புதுச் சீட்டு கிடைத்ததும் போட்டோ அனுப்பு. மேசையில் வைத்து எடு, கையில் பிடிக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
சிங்கராயர்